மயில் போட்ட சிவப்புப் புத்தகம்

எனக்கு இருபத்திரண்டு வயதானபோது என்னிடம் ஒரே கதை நான்கு புத்தகமாக இருந்தது. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒரே சேலையை நாலு நிறத்தில் வாங்கி அடுக்கியவர்களை ஊரில் யாரும் விசர் என்று சொல்லவில்லையே.

அது ஒரு மாயாஜாலத் தொடர்கதை. ஏழு கடலுக்கு அப்பால் ஓர் அரக்கன், அவன் சிறைபிடித்த இளவரசி, ஏழு வால் கொண்ட ஒரு பறவை, போதாக்குறைக்கு ஒரு மோகினி. வாரப் பத்திரிகை ஒன்றில் இரண்டு வருடத்துக்கு மேலாக வந்தது. கிழமை தவறாமல் பக்கங்களைக் கழற்றிச் சாக்கு ஊசியால் தைத்து வைத்தேன், அது முதலாவது. தீபாவளி மலரில் அதையே சுருக்கி நிறப் படங்களோடு போட்டார்கள், அது இரண்டாவது. பிறகு பச்சை அரக்கன் பல்லைக் காட்டும் அட்டையோடு மலிவுப் பதிப்பு வந்தது, அது மூன்றாவது. மூன்றையும் ட்ரங்குப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தேன். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. பக்கத்தின் மூலையை மடித்த ஒருவரோடு நான் மூன்று கிழமை கதைக்காமல் இருந்தேன். அவர் என் அம்மா.

அப்பாவுக்கு இந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. அவர் வடமராட்சியிலிருந்து முரசுமோட்டைக்குக் காணி கிடைத்து வந்தவர். மண்வெட்டி பிடிக்காத நேரத்தை அவர் நேரக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏ.எல். சோதனையில் இரண்டாம் தரமும் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் இருந்த மகள், செத்துப்போன அரக்கனுக்குப் பூச்சி உருண்டை போடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒரே கதையை மூண்டு தரம் வைச்சிருக்கிறாய். ஒண்டிலையெண்டாலும் அரக்கன் தப்புறானோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லை. மூண்டிலையும் சாகிறான்."

"பிறகென்ன கோதாரிக்கு மூண்டு?"

சேர்க்கிறவர்களுக்கு அது விளங்கும், சேர்க்காதவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. அப்பாவிடம் அப்படிச் சொன்னால் செவிட்டைப் பொத்தி ஒன்று விழும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவது வந்த கதைதான் பெரிய கதை. வவுனியாவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது சந்தைக்குப் பின்னால் ஒரு புத்தகம் கட்டுகிறவரைக் கண்டேன். மலையகத்தில் தோட்டத்துக் கந்தோரின் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஒரு கத்தியையும் அமுக்குப் பலகையையும் ஒரு பெட்டி அச்சுகளையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய மேசையில் யாரோ ஒருவருக்குக் கட்டிய புத்தகம் ஒன்று கிடந்தது. சிவப்பு வெல்வெட் அட்டை. பக்க ஓரமெல்லாம் பொன்னிறம். நடுவில் பட்டு நாடா. என்னுடைய அரக்கன் சாக்கு நூலில் தொங்குகிறானே என்று நெஞ்சு வெந்தது.

அப்படிக் கட்டுவதற்குப் புதிதாக ஒரு தொகுதிப் பக்கம் வேண்டும். தைத்து வைத்ததைப் பிரிக்க மனம் வரவில்லை. பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்ற ஒரு அக்காவிடம் பழைய வாரப் பத்திரிகைக் கட்டு கிடந்தது. அதைக் கிழித்துத்தான் அவா சுருள் சுற்றினா. பெரியப்பாவின் பழைய தினசரிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, கிழிபடாத பத்திரிகைகளை மாற்றி எடுத்தேன். முப்பத்தேழாம் பகுதியை மட்டும் அவா அந்தக் கணத்தில் சுருட்டிக் கச்சான் போட்டு ஒருவருக்குக் கொடுத்துவிட்டா. மன்னார் பஸ்ஸில் ஏறப்போன அந்த மனுசனை ஓடிப்போய் மறித்து, கச்சானைச் சட்டைப் பையில் கொட்டச் சொல்லிக் கடதாசியைப் பறித்தேன். அவர் பயந்துபோய்க் கச்சானையும் சேர்த்து நீட்டினார். அவருடைய கச்சான் எனக்கெதற்கு?

கட்டுகிறவர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அட்டையில என்னா போடணும் பாப்பா?"

"அரக்கன்."

"அரக்கனுக்கு நான் எங்க போவேன்? நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் கோயில் வேலைக்குச் செஞ்ச அச்சு. குத்துவெளக்கு இருக்கு, வேல் இருக்கு, மயிலு இருக்கு."

"மயில் போடுங்கோ. கதையிலை ஒரு பறவை வருது."

"மயிலு போட்டா நாலு மூலைக்கும் குத்துவெளக்கு போட்டாத்தான் எடுப்பா இருக்கும்."

"அப்ப அதையும் போடுங்கோ. கதையின்ரை பேர்?"

"எழுத்துப் பெட்டிய மலையிலேயே விட்டுட்டு ஓடியாந்துட்டேம்மா. பேரு உள்ளதான் இருக்கே, படிக்கிறவுங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு கிழமை கழித்துப் போய் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேவிட்டேன். சிவப்பு வெல்வெட்டில் பொன் மயில் தோகை விரித்து நின்றது. உலகத்தில் இப்படி ஒரு பதிப்பு இது ஒன்றுதான். கிளிநொச்சி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த கிழவர் மயிலைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பி, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை கழுவினீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கும்பிடுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

வீட்டிலும் அதுதான் நடந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, "என்ன புராணம் பிள்ளை?" என்றா.

இன்னொரு அரக்கன் கதை என்று சொல்லியிருந்தால் அது அன்றைக்கே அடுப்புக்குள் போயிருக்கும். "பழைய புராணம் அம்மா" என்றேன். அம்மா அதைச் சாமி அறையில் வைத்துப் பூப் போட்டா. புத்தகத்தைக் காப்பாற்ற வாய் கூசாமல் பொய் சொன்னேன். அப்பாவும் நானும் ஒரே இரத்தம் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்பாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. ஒருநாள் பஞ்சாங்கம் தேடிச் சாமி அறைக்குள் போனவர் அந்தப் புத்தகத்தை விரித்துவிட்டார். விரிந்தது மோகினியின் முழுப் பக்கப் படம். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இது எந்தக் கோயில் அம்மன்?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். "கொம்மாவுக்குக் காட்டிப்போடாதை" என்று சொல்லி மூடி வைத்தார்.

அந்த வருடம் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோக நெல்லுக்கு முறை வைத்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வயலும் எங்களுக்கு வடக்கே இருந்த வயலும் ஒரே வாய்க்காலில் பாய்கிறவை. நடுவில் ஒரு மதகு. அதில் ஒரு பலகை. பலகையைத் தூக்கினால் தண்ணீர் எங்களுக்கு, இறக்கினால் வடக்கு வயல்காரருக்கு. அவர் அப்பாவை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மழை பெய்கிற காலத்தில் இரண்டு பேரும் நகமும் தசையும் போல. தண்ணீர் குறைந்தால் கீரியும் பாம்பும்.

வைகாசிக் கோயில் பொங்கலன்று மத்தியானம் ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. அப்பா மட்டும் வயிற்றுக்குத்து என்று வீட்டில் படுத்துவிட்டார். அகப்பை எடுத்துவர அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பினா. வயற்கரையால் வருகிறேன், வயிற்றுக்குத்துக்காரர் மதகடியில் குனிந்து நிற்கிறார்.

"அப்பா, வயித்துக்குத்து?"

"நண்டு வளை அடைக்கிறன்" என்றார் நிமிராமல். "நண்டுக்குப் பொங்கல் தெரியுமோ? நீ அகப்பையை எடுத்துக்கொண்டு போ."

அடுத்த நாள் எங்கள் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்றைய முறை வடக்கு வயல்காரருடையது. அவருடைய வயலில் பாதி நனையவில்லை. மனுசன் வரம்பில் ஏறி நின்று கத்திய கத்தல் பரந்தனுக்குக் கேட்டிருக்கும். அப்பா விடுவாரா? "போன கிழமை என்ரை முறையிலை பலகையை இறக்கினது ஆர்? அதை முதல் சொல்லும்!" என்று இவர் திருப்பிக் கத்தினார். விஷயம் வயல்காரர் எல்லாரும் கூடும் கமக்காரர் கூட்டத்துக்குப் போயிற்று. கோயில் மண்டபத்தில் கூடினார்கள். இரண்டு பேரும் சத்தியம் செய்யட்டும் என்று முடிவாயிற்று.

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வதுதான் முந்தி வழக்கம். ஆனால் போன வருடம் ஒருவர், கை அடிக்கும் முன்னமே காற்றில் கற்பூரம் அணைந்துவிட்டது, அதனால் சத்தியம் செல்லாது என்று வாதாடி வென்றிருந்தார். அதன் பிறகு புராணத்தில் கை வைத்துத்தான் சத்தியம் என்று கூட்டம் தீர்மானித்திருந்தது. கோயிலில் ஒரு புராணப் புத்தகம் இருந்தது. ஆடி மாதம் பிறந்தால் ஒருவர் படிக்க ஒருவர் பயன் சொல்லி விளக்க, ஊரே இருந்து கேட்கும். அதைப் போய் எடுத்தார்கள். அட்டை மட்டும் வந்தது. உள்ளே இருந்ததைக் கறையான் படித்து முடித்திருந்தது.

ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா எழும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவே வடிவாக, "எங்கடை வீட்டுச் சாமி அறையிலை ஒரு புராணம் கிடக்கு. மயில் போட்டது. கொண்டு வரட்டோ?" என்று கேட்டார்.

நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். அட கள்ள அப்பா! அடுப்புக்குள் போயிருக்க வேண்டிய புத்தகத்தை இப்போது தலையில் வைத்துக் கொண்டுவரப் போகிறார். ஏனென்றால் அதில் கை வைத்து எந்தப் பொய்யும் சொல்லலாம். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பக்கத்தில் அம்மா பெருமையில் கண்கலங்கி இருந்தா.

பட்டுச் சால்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். கூட்டம் முழுவதும் சத்தியத்தைப் பார்த்தது. நான் வெல்வெட்டைப் பார்த்தேன். "ரெண்டு பேரும் கையைக் கழுவித் துடைச்சுப்போட்டுத் தொடுங்கோ" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். "பாருங்கோ, என்ன பக்தி" என்று ஒரு மாமி சொன்னா. அடுத்து ஐயர் வந்தார். சந்தனக் கிண்ணத்தில் மூன்று விரலைத் தோய்த்தார். மயிலின் கழுத்தில் அப்பினாரே ஓர் அப்பு! அதன்மேல் குங்குமம். முதற் பக்கத்தையும் விரித்து ஒரு துளி வைத்தார், மூடினார். போதாதென்று தீபத்திலிருந்து ஒரு சொட்டு நெய் குத்துவிளக்கு மூலையில் விழுந்தது. அது மெல்ல ஊறுவதை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன்.

அப்பா புத்தகத்தில் கை வைத்தார். குரல் நடுங்கவேயில்லை. "இந்தப் புத்தகத்துக்குள்ளை இருக்கிற எல்லாரும் அறியச் சொல்லுறன். நான் அந்தப் பலகையிலை கை வைக்கேல்லை."

புத்தகத்துக்குள் இருந்தவர்கள் அரக்கன், மோகினி, ஒரு கூனி, ஏழு வால் பறவை. சாட்சிக்கு நல்ல ஆட்கள்.

அடுத்தது வடக்கு வயல்காரர். நெற்றியில் வியர்வை. "நானும்... ஒருநாளும் வைக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் கையைச் சுட்டதுபோல எடுத்தார். பாவம், உண்மையான பக்தன் என்று நினைத்தேன். அப்பாவின்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

கூட்டம் கலைந்தது. நான் புத்தகத்தை எடுக்கப் போனேன். கூட்டத் தலைவர் மறித்தார்.

"சத்தியம் கேட்ட புத்தகம் பிள்ளை. இனி வீட்டிலை வைக்கக்கூடாது. கோயிலிலையே இருக்கட்டும். எங்கடை புராணமும் கறையானுக்குப் போட்டுது, ஆடிப் படிப்பை இதிலையே தொடங்குவம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஐயர் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஆடி பிறக்க முப்பது நாள்கூட இல்லை. ஆடி முதலாம் நாள் ஊரின் நடுவில் இருந்து புத்தகத்தை விரிப்பார்கள். மோகினி எழுந்து நிற்பாள். அப்பாவின் மானம் அன்றைக்கே கப்பலேறும். ஊர் அந்தக் கோபத்தில் என் புத்தகத்தை நெருப்பில்தான் போடும். அப்பாவின் மானம் திரும்பியும் வரலாம். அந்தப் பதிப்பு இன்னொன்று வராது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கிணற்றடியில் பிடித்தேன். "ஆடிக்கு முன்னம் என்ரை புத்தகம் என்ரை கையிலை வரவேணும். இல்லையெண்டால் நண்டு வளைக் கதையை நானே கோயிலிலை சொல்லுவன்."

"பெத்த தேப்பனைக் காட்டிக் குடுப்பியோ?"

"ஓம், குடுப்பன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மூலை மடித்ததற்கு மூன்று கிழமை அம்மாவோடு கதைக்காதவள் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடுத்த நாள் விடியவே கோயிலுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பூக் கட்டினார், மண்டபம் கூட்டினார், அலுமாரிப் பக்கமாகவே சுற்றிச்சுற்றி விழுந்து கும்பிட்டார். ஊரில் எல்லாரும் வியந்தார்கள். சத்தியம் செய்த பிறகு மனுசன் எப்படி மாறிவிட்டான் பார் என்றார்கள்.

இதற்கிடையில் வடக்கு வயல்காரர் ஒரு பெரிய பூசணிக்காயோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணை, உங்களைப் பிழையாய் நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வாசலிலேயே நின்றார். அப்பா வாங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று சொல்வார்களே, எங்கள் வீட்டில் நாலு நாள் அதுதான் நடந்தது. பூசணிக்காய்க் கறி, பூசணிக்காய்ப் பச்சடி, பூசணிக்காய்க் குழம்பு. அப்பா தலையைக் குனிந்து தின்றார். பிறகு தன்னுடைய முறை வந்தபோது வடக்கு வயல்காரர் தானே மதகடிக்குப் போய்ப் பலகையைத் தூக்கி, "இந்த முறை நீங்கள் பாய்ச்சுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய பயிர் மஞ்சளாகிக் கிடந்தது. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார்.

ஒருவழியாக அலுமாரியைத் துடைக்கிறேன் என்று சாவியை வாங்கிய அன்று அப்பா வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, அலுமாரிக்குள்ளை புத்தகம் இல்லை."

யார் எடுத்தார்கள்? அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக மத்தியானப் பூசை மணி பிந்தித்தான் அடித்தது. ஒருநாள் ஒரு மணிக்கு. ஒருநாள் இரண்டு மணிக்கு. ஐயருக்குச் சுகமில்லையாக்கும் என்று அம்மா சொன்னா. நான் ஒரு செம்பில் பால் எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன்.

மடைப்பள்ளியில் பொங்கல் அடிப்பிடித்து மணத்தது. ஐயர் வாங்குப் பலகையில் சப்பணம் கட்டி இருந்தார். மடியில் என் புத்தகம். என்னைக் கண்டதும் சால்வையைத் தூக்கி அதன்மேல் போட்டார். கோயிற் பூனை தேவர்க்கு அஞ்சாது என்பார்கள், எனக்கு அஞ்சியது.

"ஐயா, அது என்ரை புத்தகம்."

"ஓம், தெரியும். இரும் பிள்ளை." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பறவைக்கு ஆறு வால் எரிஞ்சு போச்சு. ஏழாவதும் போகுமோ? வேண்டாம், சொல்லாதையும். சொல்லாதையும்!"

"இது புராணமில்லை எண்டு எப்ப தெரியும்?"

"சத்தியத்தண்டே தெரியும். சந்தனம் வைக்க முதற் பக்கத்தை விரிச்சனான் எல்லோ. சொன்னால் உம்மடை அப்பாவின்ரை மானம் போகும். சொல்லாட்டில் கோயிலின்ரை மானம் போகும். ஆறுதலா யோசிப்பம் எண்டு மடைப்பள்ளிக்குக் கொண்டு வந்தன். யோசிக்கேக்கை ஒரு பக்கம் வாசிச்சன்." அடிப்பிடித்த பொங்கலைப் பார்த்தார். "பிறகு யோசிக்க நேரம் கிடைக்கேல்லை."

புத்தகத்தைத் தாருங்கோ என்றேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "உம்மட்டைத் தரமாட்டன். உம்மடை அப்பாவும் வடக்கு வயல்காரரும் சேர்ந்து வந்து கேட்டால் தாறன். ரெண்டு பேரும் ஒண்டா வரவேணும். அதுக்குள்ளை நானும் முடிச்சிடுவன்."

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். செத்தாலும் மாட்டேன் என்றார். அன்று பின்னேரமே வடக்கு வயல்காரர் இரண்டாவது பூசணிக்காயை அனுப்பினார். அப்பா அதைக் கண்டதும் திண்டாடிப்போனார். முதல் பூசணிக்காயைவிட இது பெரிது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார். நான் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னால் ஓடினேன். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்காமல் விட நான் என்ன மடைச்சியா?

வடக்கு வயல்காரர் வரம்பில் இருந்து வெடித்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மதகைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பி, பொங்கலண்டைக்குப் பலகை தூக்கினது நான்தான்."

வடக்கு வயல்காரர் ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தார். "அண்ணை, அப்ப புராணத்திலை கை வைச்சு...?" என்றார்.

"அது புராணமில்லை. பிள்ளையின்ரை அரக்கன் கதை."

"மாயாஜாலக் கதை" என்றேன் நான்.

இப்போது அவர் எழும்பி நின்றுவிட்டார். "வடிவாச் சொல்லுங்கோ. அதுக்குள்ளை சாமி ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"ஒரு சின்னச் சாமியும்?"

"இல்லை. ஒரு மோகினி இருக்கிறா" என்றேன்.

"அப்பனே முருகா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் மறுபடி குந்தினார். தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்று அப்பா பதறிப்போய்க் குனிந்தார். மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார். "அதுக்கு முதல் கிழமை பலகை இறக்கினது நான்தான் அண்ணை. நானும் அதிலை பொய்ச் சத்தியம் பண்ணினனான். அண்டையிலை இருந்து ஒருநாள் நித்திரை இல்லை. பசுவுக்கு வயிறு ஊதிச்சுது, அதுக்கும் புராணம்தான் எண்டு நினைச்சன். மனிசி கிணத்தடியிலை வழுக்கி விழுந்தா, அதுக்கும் புராணம். அதுதான் பூசணிக்காயும் தந்து தண்ணியும் தந்தனான்."

அப்பாவின் முகம் மாறியது. "அப்ப என்னிலை மரியாதையிலை தரேல்லையோ?"

"மரியாதையோ? பயத்திலை தந்தனான்."

"அட கள்ளா! நாலு நாள் அந்தப் பூசணிக்காய் என்ரை தொண்டையிலை சிக்கினது எனக்கெல்லோ தெரியும்!"

"நீங்கள் மட்டும் திறமோ?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். தேத்தண்ணியை இரண்டு பேரும் மாறிமாறிக் குடித்தார்கள். அப்பா பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, மதகுப் பலகையை இறக்கித் தன்னுடைய முறைத் தண்ணீரை வடக்கே விட்டார். அடுத்த முறையும் விட்டார்.

இருவரும் சேர்ந்து ஐயரிடம் போய்க் கேட்டார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது ஐயர் கூட்டத்தில் எழும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், சத்தியம் கேட்ட புத்தகத்தில் படிப்பு வைக்கிற முறை இல்லை, அதைத் தந்த வீட்டுக்கே அனுப்ப வேண்டும் என்றார். இந்த இரண்டு வீட்டுக்காரரும் கோயிலுக்குப் புதுப் புராணம் வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். தலைவர் தலையாட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

புத்தகத்தை வாங்கி வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மயிலின் கழுத்தில் மஞ்சள் கறை. ஒரு குத்துவிளக்கைச் சுற்றி நெய் வட்டம். முப்பத்தேழாம் பகுதியில், கச்சான் சுருளின் மடிப்புக்குள், அடையாளத்துக்கு ஒரு தர்ப்பைப் புல். பெட்டியில் இருந்த மற்ற மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவற்றைப் போல எத்தனையோ வீட்டில் எத்தனையோ இருந்திருக்கும். இரண்டு பொய்ச் சத்தியம் கேட்ட பதிப்பு இது ஒன்றுதான். எனக்குக் கோபம் போய்விட்டது. ஐயர் அடுத்த வெள்ளிக்கிழமை விபூதி தரும்போது மெல்லிய குரலில், "வேறை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். பச்சை அட்டைக்காரனைக் கொடுத்தேன். அது அதே கதைதான் என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். அந்த மனுசனுக்காவது விளங்கிற்று.

அம்மாவுக்கு நாங்கள் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அவாவுக்கு அது சத்தியம் கேட்ட புராணம். பூப் போடாத நாள் இல்லை.

அடுத்த வருடம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று சொல்லி இனிப்பைத் தொடக்கூடாது என்றார். அம்மா சின்ன ஓலைக் குட்டான்களில் இருந்த பனங்கட்டியை எல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்தா. ஒருநாள் பார்த்தால் இரண்டு குட்டான் குறைகிறது. அப்பா தான் எடுக்கவில்லை என்றார். பிள்ளையார் மேல் ஆணை என்றார். தன் தாய்மேல் ஆணை என்றார். அம்மா சாமி அறைக்குள் போய்ச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினா.

"இதிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது வேண்டாம்" என்றார்.

அம்மா குசினிக்குள் போன பிறகு நான் அவருடைய காதுக்குக் கிட்டப் போய்க் கேட்டேன். "அப்பா, அது சும்மா அரக்கன் கதைதானே? சொல்லியிருக்கலாமே."

அவர் மயிலின் கழுத்தில் இருந்த கறையைப் பார்த்தார். "நான் அதிலை ஒருக்காப் பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை. இனி அது சும்மா கதைப் புத்தகம் இல்லை."

பிறகு மடியை அவிழ்த்து, பாதி கடித்த பனங்கட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.